நூற்று முப்பதுக்கு மேல் நாற்பது நிமிடம்

ஆணி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என்ன அளவு ஆணி வேண்டும் என்று தெரியாது. கொஞ்சம் பெரிதாகக் கொடுங்கள் என்பார்கள். எதில் அடிக்கப் போகிறீர்கள், பலகையிலா சுவரிலா என்று கேட்டு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கறம்பக்குடியில் பதினேழு வருடமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். நான் கொடுத்த சாமான் பொருந்தவில்லை என்று இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இன்ஸ்பெக்டர் மேடம், என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால் முதலில் என்னைப் பற்றி இதைச் சொல்லிவிடுகிறேன். நான் அவசரக்காரன் இல்லை, கோபக்காரனும் இல்லை. அளவு தெரியாமல் எதிலும் இறங்குகிறவனும் இல்லை.

என் பெயர் ரெங்கராஜ். வயது நாற்பத்தொன்று. தங்கை அன்புமொழிக்கு இருபத்தொன்பது. அப்பா இறந்தபோது அவள் ஏழாம் வகுப்பு படித்தாள். மூன்று வருடம் கழித்து அம்மாவும் போய்விட்டார். அதன் பிறகு அவளுக்கு எல்லாம் நான்தான். பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடை கட்டாயம் என்றார்கள்; பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து சடை பின்னக் கற்றுக்கொண்டேன். புதுக்கோட்டையில் தங்கிப் படிக்க வைத்தேன். பி.எட். முடித்து, இங்கேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். அவளை நான் ஒரு நாளும் அடித்ததில்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் சனத்தில், தங்கை கல்யாணமாகாமல் வீட்டில் இருக்கும்போது அண்ணன் மாலை மாற்றிக்கொள்ள மாட்டான். எவரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. மீறினால் யாரும் வந்து தடுக்கப் போவதுமில்லை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும் இடத்தில் பேசுவார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சைத் தாங்கிக்கொண்டு ஊரில் கடை நடத்த முடியாது. நான் அவளுக்காகக் காத்திருந்தேன். முப்பது வயதில் காத்திருப்பது பெருமையாக இருந்தது. முப்பத்தைந்தில் பழகிவிட்டது. நாற்பது முடிந்த பிறகு, காலையில் ஷட்டரைத் தூக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டியது.

செவந்தியைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்துக் கிராமத்துத் தபால் அலுவலகத்தில் போஸ்ட்மாஸ்டராக இருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஆபீஸுக்குப் பூட்டு வாங்கக் கடைக்கு வந்தாள். வந்த வரன்களையெல்லாம் எனக்காகத் தட்டிக் கழித்து, முப்பத்து நான்கு வயது வரை இருந்துவிட்டாள். போன சித்திரையில் அவளுடைய அப்பா கடைக்கே வந்து, தை மாதம் வரைக்கும்தான் பொறுப்போம், அதற்குமேல் வேறு இடம் பார்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகத்தான் சொன்னார். இந்தக் காரியத்தில் செவந்திக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்புமொழிக்குப் பதினோரு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். பஜ்ஜி சாப்பிடுவார்கள், காபி குடிப்பார்கள், ஊருக்குப் போய் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். ஜாதகம் பொருந்திய பிறகுதானே வீட்டுக்கே வந்தீர்கள் என்று யாரிடம் போய்க் கேட்பது? தரகர் சேவுகன்தான் ஒரு நாள் கடைப் பலகையில் உட்கார்ந்து வெளிப்படையாகச் சொன்னார். பெண் எண்பத்திரண்டு கிலோ இருந்தால் ஜாதகம் எப்படிப் பொருந்தும் என்று.

பன்னிரண்டாவதாக ஆவணியில் வந்தது அறந்தாங்கி இடம். பையன் சிவபிரகாஷுக்குக் குவைத்தில் வேலை. அவன் அம்மா அமுதவல்லி அன்புமொழியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். புறப்படும்போது என்னை மட்டும் வாசலுக்கு அழைத்தார்.

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஒடம்ப மட்டும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க தம்பி. ஐப்பசியில எம்மகன் லீவுல வாரான். அதுக்குள்ள ஒரு பத்துக் கிலோ கொறஞ்சிருந்தா, வந்தன்னிக்கே பூ வச்சுட்டுப் போயிருவோம்."

பத்து வாரம், பத்துக் கிலோ. அளவு சொல்லிக் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான். எனக்கு அவரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

இங்கே மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இருபத்து மூன்று வயதில் அன்புமொழிக்குத் திடீர் திடீரென்று படபடப்பு வந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு ஓடும். தஞ்சாவூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். துடிப்பை அடக்கி வைக்கிற மாத்திரை ஒன்றைத் தினமும் காலையில் போடச் சொன்னார். அதைப் போட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தாள். தானாக நிறுத்திவிடக் கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். ஒரு முறை அவளிடம், ஒரு முறை என்னிடம். நாங்கள் இந்த விஷயத்தை வெளியே விடவில்லை. மாத்திரையைக்கூட உள்ளூர்க் கடையில் வாங்க மாட்டேன், தஞ்சாவூருக்குப் போய் வாங்கி வருவேன். இதயக் கோளாறு உள்ள பெண் என்று ஒரு வார்த்தை கிளம்பிவிட்டால் அப்புறம் எந்தத் தரகரும் வாசல்படி மிதிக்க மாட்டார். ஏழு நாளுக்கு ஏழு குழி உள்ள டப்பாவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே மாத்திரையை நிரப்பி வைப்பேன். அவள் மறந்துவிடுவாள் என்பதற்காக.

புதுக்கோட்டையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் நிலவழகன் என்ற பையனிடம் போனேன். விவரமான பையன். பழைய ட்ரெட்மில் ஒன்றைக் கொடுத்தான், கையில் கட்டினால் நாடித் துடிப்பைக் காட்டுகிற வாட்ச் வாங்குவதற்கும் வழி சொன்னான். கொழுப்பு கரைய வேண்டுமென்றால் கண்மண் தெரியாமல் ஓடக் கூடாது, துடிப்பை ஒரு அளவில் நிறுத்தி ஓட வேண்டும் என்றான். இருநூற்று இருபதில் வயதைக் கழி. வருவதில் நூற்றுக்கு அறுபதிலிருந்து எழுபது வரை. அந்த அளவுக்குள் தினமும் நாற்பது நிமிடம் இருந்தால் எடை தானாக இறங்கும். எல்லாம் சொல்லிவிட்டு, தங்கச்சி ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். பதினோரு வீட்டாரிடம் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போன பதில் அது. அவன் நல்லதுக்குத்தான் கேட்கிறான் என்று பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போகவில்லை.

கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்று; அதில் எழுபது சதவீதம் நூற்று முப்பத்து நான்கு என்று எழுதியிருந்தேன். அன்புமொழி என் கையிலிருந்து பேனாவை வாங்கி அடித்தாள்.

"நூத்தி முப்பத்தி மூணு புள்ளி ஏழுண்ணே. டீச்சர் வீட்டுல தப்புக் கணக்குப் போடாத."

நான் பொதுவாக நூற்று முப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மாடியில் ஒரு அறை இருக்கிறது. முன்பு கடைச் சரக்கைப் போட்டு வைத்திருந்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர், வேறு ஜன்னல் கிடையாது. பள்ளி விட்டு நாலரைக்கு வருவாள், சுடிதார் மாற்றிக்கொண்டு மேலே போவாள். நான் கடையை வேலை பார்க்கும் பையனிடம் விட்டுவிட்டு வந்து மாடிப்படியில் உட்காருவேன். அவள் கையிலுள்ள வாட்ச் காட்டும் எண் என் போனிலும் வரும். நூற்று முப்பதுக்கு மேலே போன நிமிடங்களை மட்டும் அது கூட்டிக்கொண்டே வரும். நாற்பது ஆனால் ஒரு பச்சை வட்டம் நிறையும். நல்ல ஏற்பாடு அது. யார் சொல்லையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் எண் ஏறவில்லை. ஓடுகிற சத்தம் படியில் கேட்கிறது, எண் நூற்று நான்கில் நிற்கிறது. நூற்று ஆறு, மறுபடியும் நூற்று நான்கு. கை வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று இருபது நிமிடத்தில் இறங்கி வந்துவிடுவாள். ஆறாம் நாள் நான் கதவின் வெளிப்பக்கம் ஒரு கொண்டி வைத்துப் பூட்டுப் போட்டேன். மூன்று அங்குலக் கொண்டி, நான்கு திருகாணி. பத்து நிமிட வேலை. நாற்பது நிமிடம் நிறைந்ததும் திறப்பேன் என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

"கோழியப் பஞ்சாரத்துல கவுத்து வக்கிற மாதிரி வக்கிறியேண்ணே."

அன்று அவள் உள்ளே இருந்தது இரண்டே கால் மணி நேரம். அதில் பச்சை வட்டத்தில் சேர்ந்தது ஒன்பது நிமிடம். திறந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சுடிதாரைப் பிழிந்தால் வாளி நிறைந்திருக்கும். இரண்டாவது வாரம் முழுக்க இதே கதை. அவள் சோம்பேறித்தனம் பண்ணுகிறாள் என்று நான் வேகத்தைக் கூட்டச் சொன்னேன். கூட்டினாள். ஒரு நாள் கதவுக்கு உள்ளேயிருந்து அழுதாள். சத்தம் போட்டு அழவில்லை, தெருவில் கேட்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். எனக்கும் வெளியே உட்கார்ந்திருப்பது சுகமாக இல்லை, மேடம். அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள், நான் படியில் மாட்டிக்கொண்டேன். அவள் பக்கம் சுவராவது இருந்தது, சாய்ந்துகொள்ளலாம்.

மூன்றாவது வாரம் அவளே சொன்னாள், மாத்திரை போடுவதால்தான் எண் ஏறவில்லையோ, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்போமா என்று. அன்று ராத்திரி போனில் தேடிப் படித்தேன். உண்மைதான். இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எவ்வளவு ஓடினாலும் துடிப்பு ஏறாது, அவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது என்று போட்டிருந்தது. அப்படியென்றால் என் தங்கை பதினைந்து நாளாக ஏமாற்றவில்லை. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் அதே பக்கத்தில் கீழே போட்டிருந்தது. அதையும் படித்தேன். படிக்கவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அடுத்த ஞாயிறு டப்பாவின் ஏழு குழியிலும் வேறு மாத்திரை வைத்தேன். சத்து மாத்திரைதான், கெடுதல் ஒன்றும் இல்லை. அதே வெள்ளை, அதே வட்டம், நடுவில் அதே கோடு. பொருத்தமாக எடுப்பது என் தொழில். இதை அவளுக்காகத்தான் செய்தேன். இரண்டு மணி நேரம் அந்த அனலில் கிடக்க வேண்டாம், நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிடட்டும் என்றுதான். வேறு வழியும் இருந்ததே, பூட்டாமல் இருந்திருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். அது எனக்குத் தோன்றவில்லை.

பலன் உடனே தெரிந்தது. செவ்வாய்க்கிழமை நூற்றுப் பதினெட்டு. வெள்ளிக்கிழமை பத்தாவது நிமிடத்திலேயே நூற்று முப்பதைத் தாண்டியது. ஐம்பது நிமிடத்தில் கதவைத் திறந்தேன். அன்புமொழிக்கு முகமெல்லாம் சந்தோஷம். உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். அன்று எனக்கு முட்டைத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அரை டம்ளர் மோர் குடித்தாள். புரட்டாசிக் கடைசியில் எழுபத்தைந்து கிலோ. அமுதவல்லி அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, முகம் நல்லா வடிஞ்சிருக்கு என்று சொன்னார். சிவபிரகாஷும் ஒரு நிமிடம் வந்து பேசினான். அவன் சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு இவள் வெட்கப்பட்டதை நான் பார்த்தேன். பன்னிரண்டு வீட்டில் ஒரு ஆண்பிள்ளை அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அதே சமயத்தில் வேறு சில விஷயங்களும் நடந்தன. கரும்பலகையில் கோடு போட்டால் கை நடுங்குகிறது என்றாள். மாடிப்படி ஏறினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது, தூங்கும்போதுகூட காதுக்குள் கேட்கிறது என்றாள். மாத்திரை போட்டும் ஏன் இப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. ஒரு தடவை தஞ்சாவூர் போய்வரலாமா என்றாள். பூ வைத்து முடியட்டும், இப்போது போய் ஆஸ்பத்திரி வாசலில் நம் பக்கத்து ஆள் எவனாவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆமாண்ணே. யாராச்சும் பாத்துட்டா இம்புட்டு நாள் ஓடுனதெல்லாம் வீணாப் போயிரும்."

ஆகவே டாக்டரிடம் போக வேண்டாம் என்பது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த முடிவு. இதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய மாத்திரைகளை நான் தூக்கி எறியவில்லை. கடையில் கீல் திருகாணி வைக்கிற டிராயரில் இருந்ததை நீங்களே எடுத்தீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் டப்பாவை நிரப்பும்போது அதைக் கையில் எடுப்பேன். ஐந்தாறு ஞாயிறு என்று நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும், இன்னும் இவ்வளவு கிலோதானே என்று திரும்ப வைத்துவிடுவேன். அவள் என்னை நம்பி அந்த டப்பாவைத் திறந்தாள். காலையில் தண்ணீர் டம்ளரோடு நின்று அவள் அதை விழுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். அந்த வேதனையை யாரிடமும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இனி அந்தப் புதன்கிழமை. பூ வைக்க ஒன்பது நாள் இருந்தது. இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டும். பள்ளியிலிருந்து வந்தவள் இன்றைக்கு மட்டும் வேண்டாமே என்றாள். முகம் வெளுத்திருந்தது. ஒன்பது நாள்தானே என்றேன். மேலே போனாள், நான் பூட்டினேன்.

முதலில் சரியாகத்தான் போனது. நூற்று முப்பது, நூற்று நாற்பது. ஐந்து மணி சுமாருக்கு ஓடுகிற சத்தம் நின்றது. எண் மட்டும் இறங்கவில்லை. நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று அறுபத்து நான்கு. நிமிடங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. இருபத்தேழு ஆகியிருந்தது. உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். மெதுவாகத்தான் தட்டினாள்.

"அண்ணே, நான் ஓடல. கீழ உக்காந்திருக்கேன். அதுவா ஓடுது. தொறண்ணே."

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து கதவு மூன்று படி. இன்னும் பதின்மூன்று நிமிடம்தான் என்று சொன்னேன். அவள் ஓடாமலேயே நிமிடம் சேர்கிறதே, உட்கார்ந்தபடியே முடித்துவிடட்டுமே என்று நினைத்தேன். அது அவளுக்குச் சுலபம்தானே. மறுபடி தட்டினாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறந்ததிலிருந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நூற்று எண்பத்தெட்டு. இருநூற்று மூன்று. அரிசி மூட்டையைத் தரையில் இறக்கி வைத்தது போல ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போனில் எண் போய், அந்த இடத்தில் இரண்டு சின்னக் கோடு வந்தது.

வாட்ச் பட்டை தளர்ந்திருக்கும் என்று முதலில் நினைத்ததாக நேற்று உங்களிடம் சொன்னேன். அதை அடித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் கேட்ட உடனே திறந்திருந்தால் காப்பாற்றியிருக்க வாய்ப்பிருந்தது என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். நான் படியிலேயே இருந்தேன். எனக்குப் பயம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல வருடம் கழித்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்த மாதிரி இருந்தது. ரொம்ப அமைதியாக இருந்தது.

அப்போது செவந்தி போன் பண்ணினாள். வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அன்பு எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள்.

"தையிலயே வச்சுக்கலாம் செவந்தி. ஒங்கப்பாகிட்டச் சொல்லிரு. இனிமே ஒண்ணும் தடை இல்ல."

பூ வைத்துவிட்டார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். எந்த மண்டபம், எத்தனை பேரைக் கூப்பிடலாம் என்றெல்லாம் பேசினோம். பஸ் வந்துவிட்டது என்று அவள்தான் போனை வைத்தாள். அதற்குப் பிறகு நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.